எலிக்காய்ச்சல் ஆய்வு: எம்.ஏ.டி. முடிவை வைத்து "இந்த ஊரில் இந்த செரோவார்தான்" என்று எழுதலாமா?

#1 டெல்டா_மாணவன்

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்கான திட்டம் இது. நெல் சாகுபடிக் கிராமங்களில் விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 300 பேரிடம் ஒரே ஒரு முறை இரத்தம் எடுப்பது. அதே கிராமங்களில் 40 எலிகள். எல்லாச் சீரத்தையும் 12 செரோவார் (எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் எதிரணு வழி வகைகள்) கொண்ட வரிசையில் எம்.ஏ.டி. (சீரத்தோடு கிருமியைக் கலந்து, எதிரணுவால் திரள்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) பார்ப்பது. 1:100-க்கு மேல் வந்தால் பாசிட்டிவ். எந்த செரோவாருக்கு டைட்டர் (சீரத்தை எவ்வளவு நீர்த்தும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு) அதிகமோ அதையே அந்தக் கிராமத்தில் பரவும் செரோவார் என்று முடிவு எழுதுவது. எலியின் சீரத்திலும் அதே செரோவார் வந்தால் மூலம் எலிதான் என்று காட்டலாம் என்று நினைக்கிறேன். ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

#2 இருள்புலம்

கடைசியாகச் சொன்ன இரண்டு முடிவிலும் இருக்கிறது. முதலில் செரோவார் விஷயம்.

எம்.ஏ.டி. செரோகுரூப் (ஒத்த செரோவார்களின் குழு) அளவில் ஒரு ஊகத்தைத் தரும், அவ்வளவுதான். லெப்டோஸ்பைராவின் மேலுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடுக்கு எதிராகத்தான் இந்த எதிரணுக்கள் உருவாகின்றன. ஒரே செரோகுரூப்பில் உள்ள செரோவார்கள் அந்த அமைப்பைப் பெருமளவு பகிர்ந்துகொள்கின்றன. அதனால் தட்டில் ஆட்டம்னாலிஸ் என்ற செரோவார் வைத்திருந்தால் ஆட்டம்னாலிஸ் என்று வரும். அந்தக் குழுவின் வேறொரு செரோவார் வைத்திருந்தால் அதன் பேர் வரும். நோய்த் தொடக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். முதல் இரண்டு வாரத்தில் உண்மையான கிருமியை விட வேறொரு குழுவுக்கு டைட்டர் கூடுதலாக வருவது அடிக்கடி நடக்கும்; முரண் எதிர்வினை என்று அதைச் சொல்வார்கள்.

பார்படோஸில் தீவிர நோயாளிகளிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமியையும் அவர்களின் எம்.ஏ.டி. முடிவையும் ஒப்பிட்டு 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. பாதிக்கும் குறைவானவர்களிடம்தான் இரண்டும் பொருந்தின. கிருமி கையில் இருக்கும்போதே அந்த நிலை. உங்களிடம் கிருமியே இல்லை, ஒற்றைச் சீரம் மட்டும்.

வரிசையில் இல்லாத செரோகுரூப் முடிவிலும் வராது. 12 எது என்று யார் முடிவு செய்தது? ஆய்வுக்கூடக் குளிர்ப்பெட்டியில் இருந்தது 12 என்பதால் 12 என்றால், அதையே ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

#3 கால்நடைக்காரர்

#2-க்கு ஒரு சேர்க்கை. நாய்களில் ஆட்டம்னாலிஸ் டைட்டர் உயரமாக வந்தால் கால்நடை மருத்துவர்கள் உடனே நம்புவதில்லை. பொமோனா, கிரிப்போடைபோசா உள்ள தடுப்பூசி போட்ட நாய்களிலும் ஆட்டம்னாலிஸுக்கு டைட்டர் எழும்பும். ஊசியில் ஆட்டம்னாலிஸே கிடையாது. ஊரில் நாய்ச் சீரமும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் தடுப்பூசி வரலாறு இல்லாத முடிவைத் தூக்கிப் போடுங்கள்.

மாட்டையும் மறந்துவிட்டீர்கள். நடவுக்காரர் வீட்டில் பெரும்பாலும் இரண்டு மாடு நிற்கும். ஹார்ஜோ மாட்டோடு ஒட்டி வாழ்கிற செரோவார். கன்று வீசிய மாட்டில்கூட ஹார்ஜோ டைட்டர் 1:100-க்குக் கீழே இருக்கலாம். அதனால் ஒரு மாட்டைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. மந்தை அளவில் பார்க்க வேண்டும்: குறைந்தது 10 மாடு, அல்லது மந்தையில் 10%, எது அதிகமோ அது.

#4 புள்ளிக்கணக்கு

300 என்ற எண் எங்கிருந்து வந்தது? 20% பேருக்கு எதிரணு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 5% கூடக் குறைய, 95% நம்பகத்துடன் கணக்கிட்டால் 246 வரும். கொஞ்சம் கூட்டி 300 ஆக்கியிருப்பீர்கள். ஆனால் அது மாநிலம் முழுக்கச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தால் பொருந்தும் கணக்கு. நீங்கள் கிராமம் கிராமமாக எடுக்கிறீர்கள். ஒரே வாய்க்கால் தண்ணீரில் நிற்பவர்களுக்கு ஒரே ஆபத்து. வடிவமைப்பு விளைவு (கொத்தாக ஆள் எடுப்பதற்காக எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய அளவு) 2 என்று வைத்தால் 492 பேர் வேண்டும். 1.5 என்றாலும் 369. கிராமத்துக்கு 60 பேர் வீதம் 5 கிராமம் எடுப்பதை விட, கிராமத்துக்கு 20 வீதம் 15 கிராமம் எடுப்பது மேல். அலைச்சல் கூடும், ஆனால் விளைவு 1-ஐ நோக்கி இறங்கும்.

40 எலியில் 8 பாசிட்டிவ் என்றால் 20%. அதன் 95% இடைவெளி 9 முதல் 36 வரை போகும். இரண்டு கிராமத்தை ஒப்பிட அது உதவாது. ஒன்றுகூட வராவிட்டாலும் "எலியில் இல்லை" என்று எழுத முடியாது. ஏறத்தாழ 9% வரை இருந்தும் 40-ல் ஒன்றும் சிக்காமல் போகலாம்.

#5 வன்னிமண்

எந்த மாதத்தில இரத்தம் எடுக்கப் போறீங்கள் எண்டு சொல்லவே இல்லையே. இலங்கையில எலிக்காய்ச்சல் ஆண்டு முழுக்க இருந்தாலும் வயல் வேலையோட சேர்ந்து இரண்டு தரம் ஏறும்: சிறுபோகத்துக்கு முன்பின்னாக மார்ச் அளவில, பெரும்போகத்தில ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை. 2008-ல 7,000-க்கு மேற்பட்ட சந்தேக நோயாளர், 200-க்கு மேற்பட்ட மரணம். 2024 டிசம்பரில வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில நடந்த காய்ச்சல் மரணங்களும் எலிக்காய்ச்சல் எண்டுதான் முடிந்தது.

வேனிலில எடுத்த சீரமும் மழை முடிஞ்ச கையோட எடுத்த சீரமும் ஒண்டில்லை. எம்.ஏ.டி. டைட்டர் மாதக்கணக்கில இறங்கும். சிலரிட்ட ஆண்டுக்கணக்கில நிக்கும். எல்லாக் கிராமத்தையும் ஒரே நான்கைந்து வாரத்துக்குள்ள முடிக்க வேணும். இல்லையெண்டால் கிராம வேறுபாடு எண்டு நீங்கள் எழுதுறது பருவ வேறுபாடாக இருக்கும்.

கேள்விப் படிவத்தில "விவசாயியா" எண்டு கேட்டுப் பயனில்லை. கடந்த 30 நாளில எத்தனை நாள் சேத்தில நிண்டவர், நாத்துப் பறிக்கவா, நடவுக்கா, களை எடுக்கவா, வரப்பு வெட்டவா, காலில வெடிப்போ காயமோ இருந்ததா எண்டு பிரிச்சுக் கேளுங்கோ.

#6 டெல்டா_மாணவன்

நன்றி. சம்பா நடவு முடிந்து மழை ஓயும்போது, ஜனவரிக்குள் என்று மாற்றலாம். அப்படியானால் எம்.ஏ.டி.யே வேண்டாமா? ஐ.ஜி.எம். எலைசா (தொற்றியதும் முதலில் உருவாகும் எதிரணுவைத் தேடும் சோதனை) போதும் என்று ஒருவர் சொன்னார்.

#7 இருள்புலம்

நலமாக நடமாடுபவர்களிடம் ஐ.ஜி.எம். எலைசா பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? அது காய்ச்சல் வந்தவருக்கான கருவி. காய்ச்சல் தொடங்கி 5 முதல் 7 நாளில் தலைகாட்டும், பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும். எலைசா கிட்களில் பெரும்பாலும் பேரின அளவிலான ஆன்டிஜென்தான் இருக்கும். செரோகுரூப் பற்றி அது எதுவும் பேசாது. வேறு நாட்டில் வைத்த வெட்டு எல்லையை இங்கே அப்படியே பயன்படுத்தினால் ஊரில் பாதிப் பேர் பாசிட்டிவ் ஆவார்கள். அதே பகுதியின் நலமானவர்கள் சீரம், டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் உறுதியானவர்களின் சீரம் எல்லாம் ஓட்டி எல்லையை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்.ஏ.டி. செய்யுங்கள். ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். பல ஆய்வேடுகளில் "வழக்கமான முறைப்படி" என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், தப்பு நடப்பதெல்லாம் அந்த வரிக்குள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆன்டிஜென்: லெப்டோஸ்பைரா வளர்க்கும் ஈ.எம்.ஜே.எச். திரவ ஊடகத்தில் 28–30 டிகிரியில் 4 முதல் 7 நாள் வளர்ந்த கிருமி. அடர்த்தி மி.லி.க்கு 10 முதல் 20 கோடி. எண்ணும் அறையில் வைத்து எண்ணுங்கள். கலங்கலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். லெப்டோஸ்பைரா மெல்லிய கிருமி, ஈ.கோலைக்கு வைத்த கலங்கல் அளவு இதற்கு நேராகப் பொருந்தாது. அடர்த்தி கூடிவிட்டால் எதிரணு போதாமல் டைட்டர் கீழே விழும். குறைந்தால் தலைகீழ். வாரத்துக்கு வாரம் அடர்த்தி மாறினால் முதல் வாரக் கிராமமும் நான்காம் வாரக் கிராமமும் வேறு வேறு அளவுகோலில் அளக்கப்பட்டவை.

தட்டில் போடுமுன் ஒரு சொட்டை இருள்புல நுண்ணோக்கியில் பாருங்கள். சீரம் சேர்க்காமலே கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அந்த வளர்ப்பைப் பயன்படுத்தாதீர்கள், புதிதாக மறுவளர்ப்பு போடுங்கள்.

சீரத்தை பாஸ்பேட் உப்புக் கரைசலில் 1:25 ஆக்கி, தட்டையான அடி உள்ள 96 குழித் தட்டில் 50 மைக்ரோலிட்டர். மேலே ஆன்டிஜென் 50 மைக்ரோலிட்டர். இறுதி நீர்ப்பு 1:50. ஒவ்வொரு ஆன்டிஜெனுக்கும் சீரம் இல்லாத ஒரு குழி (கட்டுப்பாட்டுக் குழி) கட்டாயம். தட்டை மூடி 30 டிகிரியில் 2 மணி நேரம். மூடாமல் விட்டால் ஓரக் குழிகள் வற்றும், ஓரத்தில் மட்டும் பாசிட்டிவ் வரிசையாக வரும்.

படிப்பது: 100 மடங்கு உருப்பெருக்கத்தில். கொத்தை எண்ணாதீர்கள், தனியாக நீந்தும் கிருமியைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் குழியோடு ஒப்பிடும்போது பாதி குறைந்திருந்தால் அதுவே முடிவுப் புள்ளி. டைட்டர் மிக உயர்ந்த சீரத்தில் கிருமியெல்லாம் திரண்டு அடியில் படிந்துவிடும். புலம் வெறுமையாகத் தெரியும். புதியவர்கள் அதை "கிருமி இல்லை, குழி வீண்" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அதுதான் வலுவான பாசிட்டிவ்.

இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், யாருடைய சீரம் என்று தெரியாமல். இருவருக்கும் ஒரு நீர்ப்பு வித்தியாசம் இயல்பு. இரண்டு வந்தால் மறுபடி ஓட்டவும்.

#8 கால்நடைக்காரர்

வரிசையில் இருக்கும் வளர்ப்பு அதன் பேருக்குரியதுதானா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் குழாய் குழாயாக மாற்றும்போது இரண்டு கலந்துவிடும், சீட்டு மாறும். ஒவ்வொன்றுக்கும் அதன் முயல் எதிர்ச்சீரத்தை வைத்து டைட்டர் பார்த்தால் குட்டு வெளிப்படும். உங்கள் ஆய்வுக்கூடம் பன்னாட்டு எம்.ஏ.டி. தேர்ச்சிச் சோதனையில் பங்கேற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளூர் எலியிலிருந்தோ நோயாளியிலிருந்தோ பிரித்த கிருமி ஒன்றிரண்டு வரிசையில் இருந்தால் உணர்திறன் (உண்மையான பாசிட்டிவைப் பிடிக்கும் திறன்) கூடும்.

#9 புள்ளிக்கணக்கு

எம்.ஏ.டி.யைத் தங்கத் தரம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். தாய்லாந்து நோயாளிகளின் தரவை மறைவகுப்பு முறையில் (எந்தச் சோதனையையும் உரைகல்லாக எடுக்காமல் எல்லாவற்றின் பிழையையும் சேர்த்துக் கணிக்கும் புள்ளியியல் முறை) மறுபடி கணக்கிட்டு 2012-ல் வெளியிட்டார்கள். வளர்ப்பின் உணர்திறன் 10% அளவு, எம்.ஏ.டி.யின் உணர்திறன் 50% அளவு என்றுதான் வந்தது. பாதியைத் தவறவிடும் சோதனையை உரைகல்லாக வைத்தால், அதை விட நல்ல புதுச் சோதனைக்குத்தான் "பொய்ப் பாசிட்டிவ் அதிகம்" என்ற கெட்ட பேர் வரும்.

#10 இருள்புலம்

அந்த 50% காய்ச்சல் நோயாளிகளுக்கு. ஜோடிச் சீரம் (நோய்த் தொடக்கத்தில் ஒன்று, சில நாள் கழித்து ஒன்று) முழுதாகக் கிடைக்காமை, சீக்கிரம் எடுத்த சீரம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. குணமாகி நாளான தொழிலாளியிடம் எம்.ஏ.டி. எவ்வளவு தவறவிடும் என்பதை அந்த எண் சொல்லாது. இங்கே அதைத் தூக்கி வைப்பது பொருந்தாது.

#11 புள்ளிக்கணக்கு

எண்ணைத் தூக்கி வைக்கச் சொல்லவில்லை, "தங்கத் தரம்" என்ற பட்டத்தைக் கீழே இறக்கச் சொல்கிறேன். இன்னொன்று: மறைவகுப்பு முறையைத் தம்பி தன் ஆய்வில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், எலைசாவும் எம்.ஏ.டி.யும் இரண்டும் எதிரணுவைப் பார்ப்பவை, ஒன்று தப்பினால் மற்றதும் சேர்ந்து தப்பும். அவற்றைத் தனித்தனிச் சாட்சி என்று மாதிரியில் வைக்கக் கூடாது.

#12 வளைத்தேடி

எலிப் பகுதிக்கு வருகிறேன். எலியின் சீரத்தை வைத்து மூலம் எலிதான் என்று காட்டலாம் என்கிறீர்கள். தன்னோடு ஒட்டி வாழும் செரோவாரைச் சுமக்கும் எலியிடம் எதிரணு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். சிறுநீரகத்தில் கிருமி நிறைந்து சிறுநீரில் கொட்டிக்கொண்டிருக்கும். சீரம் நெகட்டிவ் என்று விட்ட எலிதான் வயலை நனைத்த எலியாக இருக்கும். சிறுநீரகம் எடுக்காமல் எலி ஆய்வு வேண்டாம்.

டெல்டாவில் எலி என்றதும் தஞ்சாவூர்க் கிட்டிப் பொறியை நினைப்பார்கள். பயிரைக் காக்க அது நல்ல கருவி, உங்களுக்கு ஆகாது. எலி இரவிலேயே கழுத்து நெரிந்து செத்துவிடும். காலையில் எடுக்கும்போது குடல் பாக்டீரியா உடம்பெல்லாம் பரவியிருக்கும். பி.சி.ஆருக்கு ஒருவேளை தேறும், வளர்ப்புக்குத் தேறாது. உயிரோடு பிடிக்கும் கூண்டுப் பொறி வேண்டும். வீட்டுக்குள் மசால்வடையும் கருவாடும் போதும். வயலில் வளை வாயிலுக்கு அருகே, வரப்போரமாக, பொழுது சாயும்போது வைத்து விடியலில் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் கூண்டிலேயே செத்துப் போகும். இனம் கட்டாயம் பதிவாக வேண்டும். வயலில் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ், வீட்டில் ராட்டஸ் ராட்டஸ், சாக்கடையோரம் பெருச்சாளி, கூடவே மூஞ்சூறும் சிக்கும். மூஞ்சூறு எலியே அல்ல, ஆனால் லெப்டோஸ்பைரா சுமக்கும். தூக்கி எறியாதீர்கள், தனிக் கணக்கில் வையுங்கள்.

எடையும் பாலினமும் எழுதுங்கள். வயது கூடக் கூடத் தொற்றும் கூடும். ஒரு கிராமத்தில் குட்டிகளும் இன்னொன்றில் கிழடுகளும் சிக்கினால் கிராம வேறுபாடு என்று ஏமாந்து போவீர்கள்.

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் கூண்டே வைக்கக் கூடாது. ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் கருணைக்கொலை, வயிற்று ரோமத்தை 70% ஆல்கஹாலில் நனைத்து, தோலுக்கு ஒரு கத்திரி, உள்ளுக்கு வேறொரு கத்திரி. ஒரு சிறுநீரகத்தை ஆல்கஹாலிலோ மைனஸ் 80-லோ பி.சி.ஆருக்கு வையுங்கள். மற்றதை ஊசி இல்லாத சிரிஞ்சு வழியாக அழுத்திக் கூழாக்கி, 10 மடங்கு, 100 மடங்கு நீர்த்துப் போடுங்கள். நீர்க்காமல் போட்டால் திசுவில் இருக்கும் பொருள்களே கிருமியை வளர விடாது. செத்து ஒரு மணி நேரத்துக்குள் ஊடகத்தில் இறங்கிவிட வேண்டும்.

#13 டெல்டா_மாணவன்

வளர்ப்பில் கலப்படம் அதிகம் என்று பயமுறுத்துகிறார்கள். எதைச் சேர்க்கலாம்?

#14 இருள்புலம்

5-ஃபுளோரோயுராசில் மட்டும் என்றால் மி.லி.க்கு 100–200 மைக்ரோகிராம். களத்துச் சிறுநீரகத்துக்கு அது போதாது. ஐந்து மருந்துக் கலவை மேல்: சல்ஃபாமெத்தாக்சசோல் 40, டிரைமெத்தோபிரிம் 20, ஆம்ஃபோடெரிசின்-பி 5, ஃபாஸ்ஃபோமைசின் 400, 5-ஃபுளோரோயுராசில் 100, எல்லாம் மி.லி.க்கு மைக்ரோகிராமில். அப்படியும் கலப்படம் வந்தால் 0.45 அல்லது 0.2 மைக்ரான் வடிகட்டியில் தள்ளி எடுங்கள். லெப்டோஸ்பைராவின் பருமன் 0.1 மைக்ரான் அளவுதான், நுழைந்து வந்துவிடும்.

அரைத்திட ஊடகம், அகார் 0.1 முதல் 0.2%. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெண்வளையம் தெரிந்தால் நல்ல சேதி. வளையம் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை சொட்டு எடுத்துப் பாருங்கள், 13 வாரம் வரை கைவிட வேண்டாம். ஊடகத்தில் சேரும் போவைன் ஆல்புமின் (மாட்டு இரத்தப் புரதம்) ஒரு தொகுப்புக்கு ஒரு தொகுப்பு மாறும். புதுப் பை திறந்தால் தெரிந்த கிருமியைச் சிறிதளவு போட்டு வளர்கிறதா என்று பார்த்த பிறகே களத்துக்குக் கொண்டுபோங்கள்.

கிருமி கையில் கிடைத்த பிறகுதான் செரோவார் பேச்சு. குறுக்கு உறிஞ்சல் சோதனையில், ஒன்றின் எதிர்ச்சீரத்தை மற்றதால் உறிஞ்சிய பிறகும், இரண்டில் ஒரு சீரத்திலாவது 10%-க்கு மேல் டைட்டர் தொடர்ந்து மிஞ்சினால் இரண்டும் வேறு செரோவார். சில குறிப்பு ஆய்வுக்கூடங்கள்தான் இதைச் செய்கின்றன.

#15 வளைத்தேடி

பி.சி.ஆரை வைத்தும் செரோவார் எழுதுகிறார்கள், அதையும் சொல்லிவிடுவோம். lipL32, தமிழில் சொன்னால் லிப்எல்32 மரபணு, நோய் உண்டாக்கும் இனம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். செக்-ஒய் (secY) மரபணு வரிசை பார்த்தால் இனம் தெரியும்: இன்டரோகன்ஸா, போர்க்பீட்டர்செனியா என்று. செரோவார் தெரியாது. ஹார்ஜோ என்ற ஒரே செரோவார் இந்த இரண்டு இனத்திலும் உண்டு. ஆனால் எலியின் செக்-ஒய் வரிசையும் அதே ஊர் நோயாளியின் செக்-ஒய் வரிசையும் ஒன்றாக வந்தால், நீங்கள் தேடும் எலித் தொடர்புக்கு எம்.ஏ.டி.யை விட அது பத்து மடங்கு வலுவான சாட்சி.

#16 வன்னிமண்

அதுக்கு நோயாளர் வேணும். ஆரோக்கியமானவரிட்ட ஒற்றைச் சீரத்தோட நிக்காமல், பக்கத்து வைத்தியசாலைக்கு வாற காய்ச்சல்காரரையும் சேருங்கோ. முதல் வாரம் இரத்தத்தில பி.சி.ஆர்.; ஈ.டி.டி.ஏ. குழாயில எடுங்கோ, ஹெபரின் குழாய் பி.சி.ஆரைக் கெடுக்கும். வளர்ப்புக்கு 5 மி.லி. ஊடகத்தில இரண்டு சொட்டு இரத்தம் போதும். கூடப் போட்டால் இரத்தத்தில இருக்கிற பொருளே வளர்ச்சியைத் தடுக்கும். அன்ரிபயோட்டிக் போட முதலே எடுக்க வேணும். இரண்டாம் வாரம் தொடங்கிச் சிறுநீர். அமிலச் சிறுநீரில கிருமி கெதியாச் சாகும், இரண்டு மணி நேரத்துக்குள்ள ஆய்வுகூடம் போக வேணும். இரண்டாம் சீரம் 10–14 நாள் கழிச்சு. நாலு மடங்கு ஏறினால் உறுதி. ஒற்றைச் சீரம் எண்டால், நோய் நிலைகொண்ட இடத்தில 1:400-க்குக் கீழ வாறதை நோய் எண்டு எண்ண வேண்டாம்.

டொக்சிசைக்ளின் (நோய் வராமல் முன்கூட்டி எடுக்கிற அன்ரிபயோட்டிக்) கேள்வியும் படிவத்தில இருக்கட்டும். எங்கட பக்கம் ஆபத்துக் கூடின இடங்களில வயல்காரருக்குக் கிழமைக்கு 200 மி.கி. குடுக்கிறவை. 1984-ல வெளியான பனாமா இராணுவச் சோதனையில போலி மருந்து எடுத்தவரில 20 பேருக்கு நோய், டொக்சிசைக்ளின் எடுத்தவரில ஒருத்தருக்கு. ஆனால் அந்தமானில செய்து 2000-ல வெளியிட்ட சோதனையில நோய் குறைஞ்சது, தொற்று குறையவில்லை. அதாவது குளிசை எடுத்தவரும் எம்.ஏ.டி.யில பாசிட்டிவ் வரலாம். அவரை "மருந்து வேலை செய்யவில்லை" எண்ட கணக்கில எழுதிப்போடாதேங்கோ.

#17 டெல்டா_மாணவன்

திட்டத்தை மாற்றுகிறேன். 15 கிராமம், கிராமத்துக்கு 25 பேர், ஜனவரிக்குள். முடிவு செரோகுரூப் அளவில் மட்டும். எலிக்குச் சீரம் இல்லை, சிறுநீரகப் பி.சி.ஆர்., வளர்ப்பு, செக்-ஒய். மருத்துவமனையின் காய்ச்சல் நோயாளிகள் சிறு குழுவாக, ஜோடிச் சீரத்துடன். ஆய்வேடு ஜூனில் கொடுக்க வேண்டும்.

#18 வளைத்தேடி

ஜூன் என்றால் எலியை முதலில் பிடியுங்கள், மனிதச் சீரத்தை மைனஸ் 20-ல் வைத்துப் பிறகும் ஓட்டலாம். வளர்ப்புக்கு 13 வாரம், வந்ததை அடையாளம் காண இன்னும் சில வாரம். பிப்ரவரி கடைசிக்குப் பிறகு போடும் குழாய் உங்கள் ஆய்வேட்டுக்கு எட்டாது. பொறி வைக்கும் ஆட்களுக்கு ரப்பர் கையுறை, பூட்ஸ், வாரத்துக்கு 200 மி.கி. டாக்சிசைக்ளின் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கையில் வெட்டுக்காயம் உள்ளவரை அன்றைக்குக் கூண்டு தொட விடாதீர்கள்.